வில்லங்கச் சான்று

கருங்கல் சார்பதிவாளர் அலுவலகத்தில்
முப்பது வருடத்துக்கு வில்லங்கம் இல்லையென்று
எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.
பதினேழு சென்ட், ஓட்டு வீடு,
நாலு தென்னை, ஒரு அயினிமரம்.
வில்லங்கம் என் மின்னஞ்சலில் இருந்தது.

முதல் கடிதம்,
பெயரைச் சொன்னதும் பங்குச்சாமியாரே
நாற்காலி இழுத்துப்போட்ட பல்கலைக்கழகம்.
இயந்திரக் கைகள்.
நாலாவது செமஸ்டரிலிருந்து
என் தூக்கத்தில் மடங்கி நீள்கிற அதே கைகள்.
இரண்டு வருடம், நாற்பத்தெட்டு லட்சம்.
உதவித்தொகை என்ற இடத்தில்
ஒரு சின்னக் கோடு.
பூஜ்யம்கூட இல்லை, கோடு.

இரண்டாவதின் ஊர்ப்பெயர்
இன்னும் என் நாக்கில் சரியாக விழவில்லை.
கட்டணம் கிடையாது, மாதச் சம்பளம் உண்டு,
பல்லுக்கு மட்டும் காப்பீடு இல்லை.
ஐந்து வருடம்
துருவைப் படிக்க வேண்டும்.
கடலே இல்லாத அந்த ஊரில்
பனி உருகுவதற்குச் சாலையெங்கும் உப்புத் தூவுவார்களாம்,
கார்களின் அடிவயிற்றை அது தின்றுவிடுமாம்.
பேராசிரியர் வீடியோவில் கண்விரியச் சொன்னார்.
பின்னாலிருந்த ஜன்னல் கம்பியை
முதுகால் மறைத்தபடி
நான் ஆச்சரியப்பட்டேன்.

"பிராண்டுதான் பிள்ளே முக்கியம்,
கடன் ரெண்டு வருசத்துல அடையும்"
என்றான் ஷிபின் அண்ணன்,
ஷார்ஜாவில் ஆறுபேர் அறையிலிருந்து, தணிந்த குரலில்.
"பைசா தராத அட்மிஷன்
அட்மிஷன் இல்ல, பில்லு"
என்றாள் சீனியர் பெனிட்டா.
எக்செல்லில் இருபத்துமூன்று வரி போட்டேன்.
ஆசை என்ற வரிக்குப் பத்துக்கு ஒன்பது கொடுத்தேன்.
அழித்து ஆறு கொடுத்தேன்.
ஆறு கொடுத்தபோதுதான்
கூட்டல் நான் சொன்னபடி கேட்டது.

மார்த்தாண்டம், மேம்பாலத்துக்குக் கீழே வங்கி.
அண்டியாபீசில் அரைநாள் லீவு சொல்லி அம்மா வந்தாள்.
இணைக் கடன்தாரர்: ஸ்டெல்லாபாய்.
பெருவிரலை வைத்தாள்.
மீண்டும் வைக்கவும் என்றது இயந்திரம்.
சேலையில் துடைத்து வைத்தாள்.
மீண்டும் வைக்கவும்.
பத்து விரலும் ஆயிற்று.
பத்தொன்பது வருட அண்டிக்கறை
ரேகை ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.
"ஒப்பு போட்டா போராதா சாரே?"
போதாதாம். கண்ணை வைத்து எடுக்கலாமாம்,
அந்த மெஷின் செவ்வாய்க்கிழமைதான் வருமாம்.

அந்த நிமிடமே நான் முடிவெடுத்தேன் என்று
நினைத்துக்கொள்ளாதீர்கள்.
செவ்வாய்க்கிழமை மெஷின் வந்தது,
அம்மாவின் கண்களை ஒரே தடவையில் ஒப்புக்கொண்டது.
கடன் பாஸாகிவிடும் என்று கைகுலுக்கினார் மேலாளர்.
அம்மா பேக்கரியில் இரண்டு பப்ஸ் வாங்கினாள்.
இப்போது இரண்டு கதவும் திறந்து கிடந்தன.
ஒன்றாவது பூட்டியிருந்தால்
அதன்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போயிருப்பேன்.

அவர்களுடைய ஏப்ரல் பதினைந்து
நம்முடைய பதினாறு காலை ஒன்பதரைக்கு முடிகிறது.
ஏழுமணிக்குத் தூக்குப்பாத்திரத்தை மூடியபடி
"துருவுக்கு மருந்தாக்குமா கண்டுபிடிக்கப் போற?" என்றாள்.
"இல்லம்மா. எவ்வளவு வேகமா திங்குதுண்ணு அளக்கணும்."
"அளந்து?"
வேன் ஹாரன் அடித்தது.
செருப்பைத் தேடிக்கொண்டே போய்விட்டாள்.

ஒன்பது பதினொன்றுக்குத் துருவுக்குச் சம்மதம் சொன்னேன்.
அது எளிது, ஒரு பச்சைப் பொத்தான்.
மற்றதை மறுக்கத்தான் படிவம்.
காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது.
நிதி என்பதை அழுத்தினேன்.
கடன்தான் கிடைத்துவிட்டதே.
எடுத்துவிட்டு, வேறு என்பதை அழுத்தினேன்.
கீழே ஒரு பெட்டி திறந்தது,
இருநூறு எழுத்துக்குள் என்றது.
தூக்கத்திலிருந்த கைகளைப் பற்றித் தொடங்கினேன், அழித்தேன்.
காலியாக அனுப்பப் பார்த்தேன், விடவில்லை.
ஒன்பது இருபத்தாறுக்கு
ஒரு புள்ளி வைத்து
அனுப்பினேன்.